உல்லாசக் கப்பல் வளவாளர் ஆண்டியப்பன்

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் கப்பல் பயணம் பற்றி அறியாத பிரஜை ஒருவர்கூட இருக்கக் கூடாது என்று கொழும்பில் ஒரு மேலிடம் தீர்மானித்தது. தீர்மானித்ததோடு நிற்காமல் சுற்றறிக்கையும் அனுப்பியது. சகல பிரதேசங்களிலும் உல்லாசக் கப்பல் பயண விழிப்புணர்வுச் செயலமர்வு நடத்தப்படல் வேண்டும். அனுபவமிக்க பயணி ஒருவர் அதில் உரையாற்றும் வளவாளராக அமர்த்தப்படல் வேண்டும். அறிக்கை மாத முடிவுக்குள் வந்து சேர்தல் வேண்டும்.

'கடலோரப் பிரதேசங்களில்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. போடவில்லை. ஆகவே கந்தப்பளைக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருக்கும் பெரிய அரசாங்கக் கந்தோருக்கும் அது வந்து சேர்ந்தது. எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கு அங்கே ஒரு கையெழுத்து வாங்க முடியாது.

கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த கஜேந்திரன், மலை முழுக்க அனுபவமிக்க பயணி ஒருவரைத் தேடினார். தேடவே தேவையில்லை என்று பஜாரில் நாலு பேர் சொன்னார்கள். அவர்கள் கைகாட்டிய ஆள், மரக்கறி மொத்த வியாபாரி ஆண்டியப்பன்.

ஆண்டியப்பன் எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு இறங்கி, முதுகில் மூட்டை சுமந்து, இரண்டு லொறிக்குச் சொந்தக்காரரானவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. முடி வெட்டுகிறவரிடம், தலையில் பாதி வழுக்கை, பாதிக் கூலிதான் என்று வாதாடி ஜெயித்தவர். கோபம் வந்தால் குரல் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் கேட்கும். போன வருஷம் மனைவி மீனம்மாவோடு கொழும்பில் கப்பலேறி நாலு நாள் கடலைச் சுற்றி வந்தார். வந்ததிலிருந்து அவர் பேச்சில் கரை என்பதே கிடையாது.

"அறை எடுத்தா கீழ்த்தட்டுல, கப்பலுக்கு நட்ட நடுவுல எடுக்கணும். முன்னாலயும் பின்னாலயும் எடுத்தவன் ஊஞ்சல்ல படுத்த மாதிரி," என்பார், லீக்ஸ் மூட்டையில் உட்கார்ந்துகொண்டு.

இது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் எடுத்த அறை முன்னால் இருந்தது. பேரம் பேசிப் பேசிக் கடைசியில், ஜன்னலே இல்லாத, நங்கூரச் சங்கிலி தலைமாட்டில் இரைகிற அறை ஒன்றை ஜெயித்து வாங்கியிருந்தார். நாலு நாளும் அவர் பார்த்தது அந்த அறையின் கூரையைத்தான்.

இன்னொன்றும் உண்டு. நடுக்கடலில் கடை வைத்திருக்கிறவன் சொன்னதுதானே விலை என்று யோசித்து, ஐம்பது ரொட்டியும் ஒரு டின் கட்டசம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தார். புருஷனும் பெண்சாதியும் மூன்றரை நாள் கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த ரொட்டி கடித்தார்கள். நாலாம் நாள் மத்தியானம்தான் அறையைப் பெருக்க வந்தவன் சொன்னான், மேல்தட்டில் மூன்று வேளையும் கேட்டதெல்லாம் போடுகிறார்கள், டிக்கட்டிலேயே சேர்ந்தது என்று. அன்று ஆண்டியப்பன் கத்திய கத்தில் கப்பல் சாய்ந்ததாக மீனம்மா இன்றைக்கும் சொல்கிறாள். இந்தப் பகுதியைத்தான் அவர் பஜாரில் சொல்வதில்லை.

கஜேந்திரன் அவரைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் வரவில்லை. அவரே கந்தோருக்கு வந்தார், ஒன்பதாவது பெட்டிசத்தோடு.

பெட்டிசம் பாலம் பற்றியது. பெல்ரோஸ் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அறுபத்திரண்டு குடும்பங்கள். ரோட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஆறு. இருந்த மரப்பாலத்தை இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார்கள். லயத்துக்குப் பின்னால் விளைகிற லீக்சும் கரட்டும் லொறி வராமல் அழுகுகின்றன. அங்கே இருக்கும் ராசம்மாவின் மருமகள் கிருஷாந்திக்கு இது ஏழாம் மாதம். அம்புலன்ஸ் அக்கரையோடு நின்றுவிடும். "பேரம் பேசியே பாலத்தைக் கொண்டாறேன்" என்று ஆண்டியப்பன் அந்த ராசம்மாவிடம்தான் வாய் விட்டிருந்தார்.

"தம்பி, இது ஒம்பதாவது. இதுக்கு முந்தின எட்டையும் என்ன செஞ்சீங்க, வடை சுத்திக் குடுத்தீங்களா?"

"உட்காருங்க முதலாளி. பாலத்துக்கு ஒதுக்கீடு இல்லைன்னு எட்டுத் தடவையும் பதில் போட்டோமே."

"அப்ப எதுக்குத்தான் ஒதுக்கீடு இருக்கு?"

கஜேந்திரன் சுற்றறிக்கையை மேசைமேல் வைத்தார். "கப்பலுக்கு இருக்கு."

ஆண்டியப்பன் அதை இரண்டு தரம் வாசித்தார். "இந்த மலையில கப்பலா?"

"அதை நாங்க கேட்க முடியாதுங்க. ஏன்னு கேட்டா விளக்கம் கேட்பாங்க. செய்துட்டா ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

"நான் வந்து பேசுனா எனக்கு என்ன கெடைக்கும்?"

"நன்றிக் கடிதம்."

"பாலம் வேணும்."

கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருஷ சேவையில் அவர் கற்றதெல்லாம் அந்தத் துடைப்பில்தான் இருந்தது. "ஒண்ணு செய்யலாம். உங்க பாலத்துக் கடிதத்தைக் கப்பல் கோப்புக்குள்ள வச்சிடலாம். ஒதுக்கீடு உள்ள கோப்பு. அதோட சேர்ந்து இதுவும் மேல போகும்."

ஆண்டியப்பன் எழுந்து கைகொடுத்தார். முப்பது வருஷத்தில் இதுபோல ஒரு பேரம் முடித்ததில்லை என்று படியிறங்கும்போது தோன்றியது. கோப்புக்குள் போவது பாலமா, தானா என்று அவர் யோசிக்கவில்லை.

செயலமர்வு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்தது. கைக்குழந்தைகளின் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தால் அரை நாள் சம்பளம் உண்டு என்று தோட்டத்துத் துரை சொன்னதால் வீட்டுக்கு ஒருவராகக் கூட்டம் நிறைந்துவிட்டது. எல்லோரும் இடுப்புவரை நனைந்திருந்தார்கள். ஆற்றைத் தாண்டித்தானே வர வேண்டும். கஜேந்திரன் குறித்துக்கொண்டார்: 'பங்குபற்றுநர் அனைவரும் நீர்வழியாகவே வருகை தந்தமை குறிப்பிடத்தக்கது.'

வளவாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மொதல்ல, கப்பல் பொறப்படுறதுக்கு ஒரு நாள் முந்தியே துறைமுகத்துக்குப் போயிறணும். கப்பல் யாருக்கும் காத்திருக்காது."

"பஸ்ஸும்தான் காத்திருக்காது மொதலாளி," என்றாள் ராசம்மா. "ஆத்துல தண்ணி கூடுனா நாங்களும் ஒரு நாள் முந்தியே இறங்குறதுதான்."

"கேள்வி கடைசியில. ரெண்டாவது, தலை சுத்துறதுக்கு இஞ்சி வச்சிக்கணும். மூணாவது, மேல்தட்டுல சாய்வு நாற்காலி இருக்கும். விடிய முந்தியே போயி துண்டைப் போட்டுறணும். துண்டு கிடந்தா அது நம்ம எடம்."

அவர் அந்த நாற்காலியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பக்கத்து அறைக்காரர்கள் துண்டு போட்டு இடம்பிடிப்பதைப் பற்றிச் சண்டை போட்டது சுவர் வழியே கேட்டிருந்தது.

"நாலாவது, சாப்பாடு. சாப்பாட்டுக் கட்டணம் டிக்கட்டோட சேர்ந்தது. அதனால எந்தக் காரணத்தைக் கொண்டும் யாரும் வீட்டுலேருந்து சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகக் கூடாது." இதைச் சொல்லும்போது மேசையில் ஓங்கிக் குத்தினார். தொட்டிலில் ஒரு பிள்ளை வீரிட்டது.

"இதுக்கு ஏங்க இவ்வளவு கோவம்?" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி.

"அம்பது ரொட்டி," என்றாள் மீனம்மா, சாவகாசமாக. "சொந்தக் கையால சுட்டேன். நாலாம் நாளு ரொட்டியால கதவைத் தட்டலாம், அப்படி இருந்திச்சு."

மடுவம் முழுக்கச் சிரித்தது. கஜேந்திரன்கூடத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆண்டியப்பனுக்குக் காது சிவந்தது. மானம் கப்பலேறிவிட்டது. ஏறியதை இறக்க ஒரே வழி, பெரிதாக ஏதாவது சொல்வது.

"சிரிங்க. ஒருக்கா தண்ணியில போய்ப் பாருங்க, அப்புறம் தெரியும். தண்ணி மேல போய்ப் பழகினவனுக்குத் தரைவழி ருசிக்கவே ருசிக்காது."

கைதட்டினார்கள். கஜேந்திரன் அதையும் எழுதிக்கொண்டார், சொல் பிசகாமல்.

கடைசியில் ராசம்மா எழுந்தாள். "எல்லாஞ் சரி மொதலாளி. பாலம் என்னாச்சு?"

"வருது ராசம்மா. கப்பலோட சேத்து அனுப்பியிருக்கேன்."

மூன்று வாரத்தில் கந்தோர் வாகனம் ஆற்றங்கரையில் வந்து நின்றது. சிமெந்து மூட்டை என்று நினைத்துச் சனம் ஓடியது. இறங்கியவை நாற்பது உயிர்காப்பு அங்கிகள். செம்மஞ்சள் நிறம், நெஞ்சில் ஊதல், தோளில் மினுங்கும் பட்டி. செயலமர்வில் பங்குபற்றிய நாற்பது பேருக்கும் தலா ஒன்று. ஆண்டியப்பனிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது. அதன் தலைப்பில் 'வளவாளர் திரு. எஸ். ஆண்டியப்பன் அவர்கள்' என்று அச்சாகியிருந்தது. அப்படி அச்செழுத்தில் தன் பேரை அவர் கண்டதேயில்லை. கீழே என்ன இருந்தது என்று வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். லீக்ஸ் கட்டில் ஒரு தண்டு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்.

அன்றிரவே மழை பிடித்தது. மறுநாள் காலையில் பிள்ளைகள் அங்கி மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். மிதந்தார்கள். இக்கரையில் நின்று கஜேந்திரன் படம் எடுத்தார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பதில் வந்தது.

'மேற்படி பிரதேசத்தில் நாளாந்தம் நாற்பது பயணிகள் நீர்வழிப் பயணத்தில் ஈடுபடுவது புகைப்படங்கள் மூலம் உறுதிசெய்யப்பட்டுள்ளது. தண்ணீர் மேல் பழகியோருக்குத் தரைவழி ருசிக்காது என அனுபவமிக்க வளவாளர் கையொப்பமிட்டுச் சான்றளித்துள்ளார். எனவே உத்தேச பாலமானது வளர்ந்து வரும் பயணிகள் போக்குவரத்துக்கு இடையூறாக அமையும் என்பதால் அக்கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

ஆண்டியப்பன் கந்தோருக்கு நடக்கவில்லை, பறந்தார்.

"எவன்யா இதை எழுதுனவன்?"

"நீங்கதான் சொன்னது. நீங்கதான் கையெழுத்தும்."

"பேச்சுக்குச் சொன்னேன் தம்பி."

"பேச்சுக்குச் சொன்னதுன்னு படிவத்துல ஒரு கட்டமும் இல்லைங்களே."

ஒரு மணி நேரம் நின்று கத்தினார். மேசையைத் தட்டினார். மேலிடத்துக்கு மேலிடம் போவேன் என்றார். கஜேந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொண்டை வற்றியதும் ஆண்டியப்பனுக்குள் இருந்த வியாபாரி தலைதூக்கினான். வெறுங்கையோடு திரும்பும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"சரி. அறுவத்திரெண்டு குடும்பம் இருக்கு. நாப்பதுதான் குடுத்திருக்கீங்க. மிச்சம் இருவத்திரெண்டு வீடு மனுசங்க இல்லையா?"

"பத்துத் தரலாம்."

"இருவத்திரெண்டு."

"பதினைஞ்சு."

"இருவத்திரெண்டும் தராம இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

இருபத்திரண்டும் கிடைத்தன. அவருக்கென்று தனியாக ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டார். லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது கீழ்ப்பிரிவுச் சனம் ஆற்றங்கரையில் நின்று வெடி கொளுத்தியது. அதுவரை அங்கி கிடைக்காதிருந்த இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் அடுத்த திங்கட்கிழமை பாலம் கேட்டுக் கந்தோர் வாசலில் உட்காரப் போவதாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை ஒருவரும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆண்டியப்பன் பத்தாவது பெட்டிசத்தை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டினார். கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"நம்ம வீட்டுக்குத்தான் அங்கி வந்திருச்சே மொதலாளி," என்றார்கள் முதல் வீட்டில்.

"சாயம் போகுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்றார்கள் அடுத்த வீட்டில்.

கடைசியாக ராசம்மா வீடு. கிருஷாந்தி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயாச்சும் போடு ராசம்மா. புள்ளைக்கு நாள் நெருங்குதில்ல?"

"அதுக்குத்தான் பெரிய சைசா பாத்து எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் ராசம்மா. "ரெண்டு உசுருக்கும் சேத்துத் தாங்குமாம். கந்தோர் தம்பியே சொன்னாரு. இனி பாலம் கீலம்னு கேக்கப் போயி, குடுத்ததையும் புடுங்கிக்கிட்டா என்னா செய்றது?"

ஆண்டியப்பனுக்கு வாயில் வந்தது அத்தனையும் கெட்ட வார்த்தை. கர்ப்பிணிப் பெண் நிற்கிறாள் என்று விழுங்கிக்கொண்டார். ஒரு பயலும் போடாவிட்டால் போகட்டும், முதல் கையெழுத்தை நானே போடுகிறேன் என்று பெட்டிசத்தைச் சுவரில் வைத்துப் பேனாவைத் தேடினார். பேனா சட்டைப் பைக்குள் இருந்தது. சட்டைப் பை அங்கிக்குள் இருந்தது. அங்கியின் மூன்று கொக்கியும் நனைந்து இறுகிப் போயிருந்தன. மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. ஆற்றின் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. இப்போது கழற்றினால் மறுபடி மாட்ட முடியுமோ முடியாதோ.

"நாளைக்கு வந்து போட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, பெட்டிசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.