வானரக்கட்டும் ஒரு வாய் வாழைப்பழமும்

"கொல்லையில் மா உண்டா? கொய்யா உண்டா? குரங்குத் தொல்லை உண்டா? இதோ வந்துவிட்டார் வானரக்கட்டுச் சித்தர்! ஒரே மந்திரம்! குரங்கின் வாயைக் கட்டும்! வெயிலைக் கட்டும்! வறட்சியைக் கட்டும்!"

ஆட்டோவில் வைத்த ஒலிபெருக்கி காலையிலிருந்து கண்டனூர்த் தெருக்களில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்காகக் கூட்டம் வராமல் இருக்குமா? தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். காரைக்குடியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். தங்கள் வீட்டு மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்கள், சாலா ஆச்சி வீட்டு வாசலில் அரை நாள் நின்றார்கள்.

சாலா ஆச்சி சென்னையில் இருப்பவர். கல்யாணம், திருவிழா என்றால்தான் ஊருக்கு வருவார். வீடு பூட்டிக் கிடக்கும் மற்ற மாதங்களில் அங்கே குரங்குகள் குடியிருந்தன. வாடகை கிடையாது, கொல்லைப் பலாவும் கொய்யாவும் இலவசம். இந்தக் குடித்தனக்காரர்களைக் காலி செய்யத்தான் ஆச்சி சித்தரை அழைத்திருந்தார்.

சித்தர் முதலில் ஓர் அற்புதம் காட்டினார். இரண்டு வாழைப்பழங்களைப் பாதி உரித்தார். ஒன்றின் மேல் மட்டும் 'கவசத் தைலம்' தடவி, கண்ணை மூடி முணுமுணுத்தார். சந்தனமும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. இரண்டையும் மதில்மேல் வைத்தார்.

கிழட்டுக் குரங்கு ஒன்று வந்தது. தைலம் தடவிய பழத்தைக் கடித்தது. அடுத்த நொடி வீசி எறிந்தது. வாயை மதிலில் தேய்த்துக்கொண்டு கிறீச்சிட்டது. பிறகு, மற்றப் பழத்தைத் தின்றுவிட்டு ஓடியது.

"அரோகரா!" என்றது கூட்டம்.

"குரங்குக்கு நஞ்சு, மனுசருக்கு அமுதம்!" என்றார் சித்தர்.

எல்லோரையும்விட உரக்க அரோகரா போட்டவர் பூமிநாதன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். கைபேசியில் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்ல மனிதர். அன்றே சித்தரின் சீடன் சோணையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், கொல்லை மரங்களுக்கெல்லாம் தைலம் தெளிக்க வைத்தார். மாலையில், பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திவிட்டு வந்த மனைவி நாகவல்லியிடம் சேதியைச் சொன்னார்.

"மரத்தக் கட்டியாச்சு வல்லி. இனி ஒரு மண்டலம் தண்ணி ஊத்தப்படாது. மரத்தடியில மட்டை மூடாக்கும் கூடாது. தண்ணி காட்டுனா கட்டு அவுந்துருமாம்."

நாகவல்லி கொல்லைக்கு ஓடினார். அந்தக் கொல்லையில் மூன்று வருடமாக அவர் வளர்த்த ஒட்டு மா ஒன்று இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குடித்து வளர்ந்த மரம். இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய் பிடித்திருந்தது.

"கத்திரி வெயில்ல தண்ணி ஊத்தாம போட்டா மரம் செத்துப்போகும். தெரியாதா உங்களுக்கு?"

"சாமி மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். நீ ஊத்துனா என் உசுருக்குத்தான் ஆபத்து."

இதற்கு மேல் எந்த மனைவி வாளியைத் தூக்குவாள்?

சித்தர் எடுத்தெறியச் சொன்ன மூடாக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். மரத்தடியில் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. மண் சூடாகாது, ஈரமும் சீக்கிரம் ஆவியாகாது. தூரில் சுண்ணாம்பு அடித்தால் வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், பட்டை வெடிக்காது. தண்ணீரைத் தூரில் ஊற்றுவதைவிட, கிளைகளின் நிழல் முடிகிற வட்டத்தில் ஊற்றுவது நல்லது. தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் அங்கேதான் அதிகம். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? இடுப்பு வலி வேண்டுமானால் இருக்கிறது.

பிறகு சித்தர் ஏன் தண்ணீரைத் தடுத்தார்? அங்கேதான் அவருடைய மூளை. மரம் பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. செத்தால்? "யாரோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்!" காசு எப்படி விழுந்தாலும் அவருக்கே வெற்றி.

ஒரு வாரத்தில் ஒட்டு மாவின் இலைகள் சுருண்டு தொங்கின. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நாகவல்லி அவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குரங்கு ஒன்றுகூட மரத்தில் வாய் வைக்கவில்லை.

"பாத்தியா!" என்றார் பூமிநாதன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு கிளிகள் வந்தன. தைலம் தெளித்த காயை ஆற அமரக் கொத்தித் தின்றன. வாயைத் தேய்க்கவில்லை, கத்தவில்லை. சாப்பாடு முடிந்ததும் பறந்துபோய் வேலியோரச் செடியில் உட்கார்ந்து பழுத்த மிளகாயைக் கடித்தன.

நாகவல்லி மாங்காயைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். காயில் ஒட்டியிருந்த தைலத்தை விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். உடனே மோர்ப்பானையைத் தேடி ஓடினார். வாயை ஆற்றிக்கொண்ட பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

வெள்ளிக்கிழமை சித்தர் மறுபடியும் சாலா ஆச்சி வீட்டுக்கு வந்தார். கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. சித்தர் வாழைப்பழத்தை உரித்துத் தைலம் தடவி முடித்ததும், நாகவல்லி ஒரு தூக்குவாளியுடன் முன்னால் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். கட்டுன மரத்துல குரங்கு வரல, சரி. கிளி மட்டும் திங்கிதே, ஏன்?"

சித்தர் புன்னகைத்தார். "கிளி மீனாட்சி கையில இருக்கிற பறவை தாயி. அதுக்கு மந்திரத்துல விலக்கு உண்டு."

"குரங்கு ஆஞ்சநேயர் ஆச்சே. அதுக்கு விலக்கு இல்லையா?"

கூட்டத்தில் ஒருவர் கனைத்தார்.

"அவரு கடவுள். இது வெறும் குரங்கும்மா."

"அப்ப இது வெறும் கிளியா இருக்கக் கூடாதா?"

ஆச்சி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பூமிநாதன் பல்லைக் கடித்தார். "வல்லி, பேசாம இங்குட்டு வா!"

"இருங்க, வந்துட்டேன். சாமி, குரங்குக்கு நஞ்சு, மனுசருக்கு அமுதம்னு நீங்கதான சொல்றீக? அந்தப் பழத்த நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்களேன்."

சித்தரின் புன்னகை பாதியில் நின்றது. "இன்னைக்கு நான் விரதம்."

"நல்லது. உங்க சோணை சாப்பிடட்டும்."

சோணை இரண்டடி பின்வாங்கினான். "அய்யய்யோ, நான் மாட்டேன்! கையில பட்டதுக்கே ராத்திரி பூராக் கண்ணத் தொட முடியல!"

"ஏத்தா வல்லி, என்னத்தா சொல்றான் இவன்?" என்றார் ஆச்சி.

சித்தருடைய மானம் கப்பலேறப் போகிறது. பூமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. "நம்பிக்கை இல்லாதவகளுக்கு நான் காட்டுறேன்!" என்று பாய்ந்து பழத்தைப் பிடுங்கினார். நாகவல்லி, "வேணாங்க!" என்று கத்துவதற்குள் பாதியைக் கடித்துவிட்டார்.

முதலில் கண் விரிந்தது. பிறகு காது சிவந்தது. அப்புறம் அவர் துள்ளினார். நேராக மதிலுக்கு ஓடி, வாயைச் சுவரில் வைத்துத் தேய்த்தார். மதில்மேல் உட்கார்ந்திருந்த கிழட்டுக் குரங்கு, பாடம் படித்துவிட்ட சீனியர் மாணவனைப் போல அவரைக் குனிந்து பார்த்தது.

"தண்ணி! தண்ணி!"

"தண்ணி குடிக்காதீக! இந்தாங்க மோரு!" நாகவல்லி தூக்குவாளியை நீட்டினார்.

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும். பாலிலும் மோரிலும் உள்ள சத்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். குரங்கு, அணில், பூமிநாதன் எல்லோருடைய நாக்கும் இந்தக் காரத்தை உணரும். பறவைகளின் நாக்கு உணராது. மீனாட்சி தந்த விலக்கு இவ்வளவுதான்.

"காந்தாரி மொளகாய நல்லெண்ணெயில காய்ச்சி, வாசம் தெரியாம இருக்கச் சந்தனம், கற்பூரம் போடுவோம்," என்று யாரும் கேட்காமலேயே சோணை ஒப்பித்துவிட்டான். "மந்திரம்னு ஒண்ணும் இல்ல. சாமி சும்மா உதட்ட அசைப்பாரு."

எல்லோரும் சித்தரைத் தேடினார்கள். ஆட்டோ கிளம்பிவிட்டது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார்கள் போலும். "வறட்சியைக் கட்டும்! வெயிலைக் கட்டும்!" என்ற குரல் தெருமுனை தாண்டிப் போனது.

கூட்டத்துக்கு வெட்கம் வந்ததா? கொஞ்சம். ஒருவர், "மொளகாயோ மந்திரமோ, குரங்கு வரலைல்ல?" என்றார்.

"வராது," என்றார் நாகவல்லி. "மொளகாத் தண்ணிய நம்மளே காய்ச்சித் தெளிச்சாலும் வராது, மழையில போனா மறுபடி தெளிக்கணும். அதுக்காக மரத்தத் தாகத்துல சாகடிக்கணுமா?"

அன்று மாலை பூமிநாதன் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். உதடு வீங்கியிருந்ததால் எதிர்த்துப் பேச முடியவில்லை. நாகவல்லி மட்டைகளை மறுபடி பரப்பி, வெள்ளை வேட்டி ஒன்றை நிழலுக்குக் கட்டினார். சில நாட்களில் இலைகள் நிமிர்ந்தன. முக்கால்வாசிக் காய் போய்விட்டது. மரம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

சித்தரும் பிழைத்துக்கொண்டார். இப்போது வேறொரு ஊரில் வவ்வாலைக் கட்டுகிறாராம், கூட்டம் அலைமோதுகிறதாம். அங்கே யாராவது, "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க சாமி" என்று கேட்டார்களா, தெரியவில்லை. கேள்வி கேட்க விரதம் வேண்டாம், காணிக்கை வேண்டாம். அரோகரா போடத் திறக்கிற அதே வாய் போதும். திறப்பதற்கு முன்னால் மூளையை ஒருமுறை கேட்டுக்கொண்டால்.