தோற்கத் தெரியாத ஆக்டன்

மீன் வறுவல் கடைச் சுவரில் தன் பெயர் ஒட்டியிருப்பதைக் கத்பர்ட் ஆக்டன் பார்த்தபோது, அவர் மனைவி மேபல் நாலு கடை தள்ளி ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

'ஆக்டனுக்கே வாக்களியுங்கள்!' கொட்டை எழுத்து. பசைகூடக் காயவில்லை.

நகரசபைத் தேர்தலில் அவர் நிற்பது மேபலுக்குத் தெரியாது. கட்சிச் செயலாளர் ஹிக்கின்பாட்டம் போன வாரம் மதுக்கடையில் அவரை மடக்கி, பீர் வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். "எதிர்க்க ஆளே இல்லாம பிரெட்வெல் ஜெயிச்சா நமக்குக் கேவலம்ப்பா. நீ பேர மட்டும் குடு. ஜெயிக்கவே மாட்ட, அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

ஆக்டனும் நம்பினார். ஜவுளிக்கடைக்காரர் லயனல் பிரெட்வெல், பெல்டன்ஷா ஊரின் நகரசபையில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

ரயில்வே சிக்னல் வேலையிலிருந்து ஆக்டன் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கோடையில் கடற்கரை ஊருக்கு, மேபலின் தங்கை லெட்டி வீட்டுப் பக்கமாகவே குடிபோவதாக ஏற்பாடு. அந்த வீட்டு ஜன்னலுக்கு மேபல் திரைச்சீலைகூடத் தைத்து முடித்துவிட்டாள். கவுன்சிலர் ஆகிவிட்டால் மூன்று வருஷம் இந்தப் புகை ஊரைவிட்டு நகர முடியாது.

ஆக்டன் நகத்தால் சுரண்டி, சுவரொட்டியில் பாதியைக் கிழித்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டார். மீதிப் பாதி வருவதற்குள் மேபல் வந்துவிட்டாள். சுவரில் '...டனுக்கே வாக்களியுங்கள்' என்று இருந்தது.

"எந்த டன்?" என்றாள்.

அவர் சொல்லிவிட்டார். அவள் ரொட்டியை அவர் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் திரும்பி, "ஜெயிச்சீங்கன்னா நான் தனியாப் போறேன். திரைச்சீலையும் என்னோட வரும்" என்றாள்.

மறுநாள் காலை பால்காரர் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து ஆக்டனின் கையைக் குலுக்கினார். ஊர்ச் சுவர் அசிங்கமாகக் கூடாதென்று தன் சுவரொட்டியைத் தானே கிழித்த மனுஷர் என்று தெருவெல்லாம் இதே பேச்சாம். ஆக்டன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினார்.

ஹிக்கின்பாட்டத்திடம் ஓடினார். வாபஸ் வாங்கும் நாள் தாண்டிவிட்டது. ஜெயித்தபின் ராஜினாமா செய்தால் என்ன என்று கேட்டதற்கு, அப்புறம் தேவாலயத்திலும் சரி, மதுக்கடையிலும் சரி, கட்சிக்காரன் எவனும் தலை காட்ட முடியாது என்றார் ஹிக்கின்பாட்டம். "தோக்கறது என்னய்யா பெரிய வித்தையா? போய்த் தூங்கு."

ஆக்டனுக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடப்பதானால் கம்பளம் ஏற்கெனவே தேய்ந்த ஓரமாக நடக்கச் சொல்லி அடுக்களையிலிருந்து மேபல் குரல் கொடுத்தாள்.

அந்த வாரம் தேவாலயக் கூடத்தில் பொதுக்கூட்டம். உளறித் தொலைப்பது என்று முடிவுசெய்துகொண்டு மேடையேறினார். எரிவாயு ஆலைத் தெருவில் பஸ் ஏன் நிற்பதில்லை என்று ஒருவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

சாக்கடை?

"அதுவும் தெரியாதுங்க. எல்லாம் பிரெட்வெல்லுக்குத்தான் தெரியும். அவரக் கேளுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த மேடையில் ஒருத்தன் உண்மை பேசி இப்போதுதான் கேட்கிறோம் என்றார்கள் பெண்கள். பிரெட்வெல்லே எழுந்து, இவ்வளவு அடக்கம் தனக்கு வராது என்று ஒத்துக்கொண்டார். எதிராளியே மெச்சுகிறார் பார் என்று அதற்கும் தட்டினார்கள்.

இனி சுற்றிவளைத்துப் பயனில்லை. ஆக்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். "எனக்குப் போடாதீங்க. தயவுசெஞ்சு பிரெட்வெல்லுக்குப் போடுங்க."

போன இடமெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். கிழவி பிக்கர்ஸ்கில் தன் ரேஷன் சர்க்கரையில் செய்த கேக்கை வெட்டிக் கொடுத்து, "நீங்க இப்பிடித்தான் சொல்வீங்கன்னு எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றாள். ஆக்டன் வாயில் கேக்கோடு மன்றாடிப் பார்த்தார். அவள் இன்னொரு துண்டு வைத்தாள்.

முழங்கால் வலியோடு வெளியே வந்தபோது தெருக்கோடியில் பிரெட்வெல் ஒரு வீட்டிலிருந்து வியர்வையைத் துடைத்தபடி இறங்குவது தெரிந்தது. இருவரும் தொப்பியைத் தூக்கி வணங்கிக்கொண்டார்கள். பெரியவருக்கும் பயம் வந்துவிட்டது, நன்றாக ஓட்டுக் கேட்கட்டும் என்று ஆக்டனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வாக்குப்பதிவு நாளில் ஆக்டன் பிரெட்வெல்லுக்கே போட்டார். மேபலும் பிரெட்வெல்லுக்கே போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் தர்க்கமில்லாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் காலை நகரமன்றத்தில் மேயர் முடிவை வாசித்தார். ஆக்டனுக்கு விழுந்ததில் பாதிகூடப் பிரெட்வெல்லுக்கு விழவில்லை. ஹிக்கின்பாட்டம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் கட்சி எங்கேயாவது ஜெயித்து அவர் பார்த்ததில்லை. மேபல் எழுந்து கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.

"ஒரு ஆள்தான் வருதுன்னு லெட்டிக்குச் சொல்லிடறேன்" என்றாள்.

பிரெட்வெல் வந்து ஆக்டனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனார். பாவம், துக்கத்தை மறைக்கத்தான் இப்படி ஓடுகிறார் என்று ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் ஆக்டன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி டாபின் துடைப்பத்தோடு வந்து, கவுன்சிலர் ஐயா கொஞ்சம் காலைத் தூக்கினால் நல்லது என்றார். ஆக்டன் காலைத் தூக்கினார்.

"ஒரு வீடு விடலை டாபின். எனக்குப் போடாதீங்கன்னு காலில் விழாத குறையாக் கேட்டேன். ஒருத்தர்கூடக் கேக்கலையே."

டாபின் பெருக்குவதை நிறுத்தினார்.

"எப்பிடிங்க கேப்பாங்க? நீங்க போன வீட்டுக்கெல்லாம் உங்களுக்கு முன்னாடியே பிரெட்வெல் ஐயா போயி, 'இந்தத் தடவையாவது என்னை விட்டுடுங்க, ஆக்டனுக்குப் போடுங்க'ன்னு அழுதுட்டு வந்துட்டாரே. முப்பது வருஷமா ஓட்டுக் கேட்டுப் பழகின வாயிங்க அது, நேத்து வந்த உங்களால முடியுமா?"