பச்சோந்திக்குக் காவல்

அல் குசைஸ், துபாய்
ஆகஸ்ட் 2006

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் சரவணகுமார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ராதிகாவைக் கட்டிய முனியசாமி துபாயிலிருந்து பணிவோடு எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஒரு பச்சோந்தியும் உயிரோடு இருக்கிறோம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பச்சோந்திக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

போன வாரம் போனில் நீங்கள், "மாப்ள, ஆவணி கடைசியில பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்திருவோம். லீவு கெடைச்சிருச்சா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் "பாப்போம்" என்று இழுத்தேன். மாப்பிள்ளை எதையோ மறைக்கிறார் என்று நீங்கள் உடனே ராதிகாவிடம் சொன்னதாகக் கேள்வி. மறைக்கத்தான் செய்தேன். என் லீவு ஒரு பச்சோந்தியின் கையில் இருக்கிறது என்பதைத் தீரப்போகிற டெலிபோன் கார்டை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? முத்துமீனா வயிற்றில் இருக்கும்போது விமானம் ஏறியவன் நான். இப்போது அவள் நடக்கிறாள், ஊரெல்லாம் வாயடிக்கிறாள், போனைக் காதில் வைத்தால் மட்டும் என்னிடம் மூச்சு விட்டுக் காட்டுகிறாள். அந்த முகத்தை நேரில் பார்க்காமல் இன்னொரு வருஷம் ஓட்ட என்னால் ஆகாது. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் முதலாளியை இங்கே அர்பாப் என்போம். வெயில் காலம் வந்தால் அவர் குடும்பத்தோடு லண்டன் போய்விடுவார். வீட்டில் மிஞ்சுவது டிரைவர் நான், தூத்துக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரன் ஜெயசீலன், சமையலுக்கு இருக்கும் யாழ்ப்பாணத்துக் கமலேஸ்வரி அக்கா. இந்த வருஷம் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அர்பாபின் சின்ன மகள் ஷம்மா பிடிவாதம் பிடித்து ஒரு பச்சோந்திக் குட்டி வாங்கிவிட்டாள். நம் ஊரில் ஆளைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் பெயர்; இங்கே அதை வலைக்கூண்டில் வைத்து, மேலே சூட்டுக்கு ஒரு பல்பு போட்டு, உள்ளே செடி நட்டு வளர்க்கிறார்கள். காரில் ஏறும்போது மேடம், அர்பாபின் மனைவி, என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னார்: "முனி, நாங்க வரும்போது பேபியோட பச்சோந்தி நல்லா இருந்தா நீ லீவுல போ. அது மாஃபின்னா லீவும் மாஃபி." மாஃபி என்றால் இல்லை என்று அர்த்தம். அரபியில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். என் பாஸ்போர்ட் அர்பாபின் அலமாரிக்குள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் எனக்கு அந்தப் பிராணியின் மேலேயே வந்தது. ஒரு கண் என்னைப் பார்க்கும்போதே இன்னொரு கண் கதவைப் பார்க்கிறது. அப்படிப்பட்டவர் யாராக இருந்தாலும் நான் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். ஆனாலும் பொறுப்பு தலையில் விழுந்துவிட்டதால் ஹாலில் இருந்த கூண்டைத் தூக்கி என் ரூமுக்கே கொண்டுவந்துவிட்டேன். வெளியே அனல் பறக்கிறது, பாவம் பச்சைக் குட்டி என்று ஏசியை முழுசாகத் திருகி வைத்தேன். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். அது கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தபோது வாழைக்குருத்து மாதிரி இளம்பச்சையாக இருந்தது, என் ரூமுக்கு வந்த கையோடு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு குச்சியில் ஒட்டிக் கிடந்தது. பச்சோந்தி நிறம் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மாறினால் திரும்பவும் மாற வேண்டும் இல்லையா? இது கறுப்புக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நல்ல குட்டியை எவனோ எடுத்துக்கொண்டு நோஞ்சான் குட்டியை மாற்றி வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

நேரே ஷார்ஜாவுக்கு வண்டியை விட்டு, குட்டியை விற்ற கீழக்கரை முகம்மது சித்தீக் பாயைப் போய்ப் பிடித்தேன். அவர் வாசனைப் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, இது அதே குட்டிதான். எடம் மாறுனதுல பயந்து போயிருக்கு. கிண்ணத்துல வச்சா தண்ணி குடிக்காது, எலை மேல தெளிச்சு விடுங்க, நக்கிக் குடிக்கும். ஏசியக் கொறைங்க. ரொம்பக் கிட்டப் போயித் தொந்தரவு பண்ணாதீங்க." கேட்ட மாத்திரத்தில் படபடவென்று பதில் வந்தது, ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. யோசிக்காமல் பதில் சொல்கிற மனிதர் அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? இருந்தாலும் தண்ணீரைத் தெளித்தேன், ஏசியைக் குறைத்தேன். கிட்டப் போகாதே என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. காவல்காரனையே தள்ளி நிற்கச் சொல்கிறார் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது.

அடுத்ததாகத் தீனி காணாமல் போக ஆரம்பித்தது. இது சாப்பிடுவது உயிரோடு துள்ளும் சுவர்க்கோழிப் பூச்சி. ஒரு டப்பா வாங்கி வைத்தேன். பச்சோந்தி ஒன்றைக்கூடத் தொடவில்லை, டப்பாவோ காலியாகிக்கொண்டே வருகிறது. ஜெயசீலன் வெள்ளிக்கிழமையானால் மம்சார் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போகிறவன். தூண்டிலுக்குப் பூச்சி வேண்டும். கணக்கு நேராகிவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். "எண்ணே, நான் எறாவக் கோத்து மீன் புடிக்கவன். ஒம்ம பூச்சிய நான் எதுக்கு எடுக்கேன்? ஒம்ம கட்டிலுக்கு அடியிலதான் ராவும் பகலும் கத்திக்கிட்டுக் கெடக்கு, காதுல விழலையா?" என்றான். எனக்கு ஏசி சத்தம் என்று நினைப்பு. கட்டிலுக்கடியில் இருந்த லீவுப் பெட்டியை இழுத்துத் திறந்தால், மொத்தப் பூச்சியும் அதற்குள். பாப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த ரோஸ் கவுனில் லேஸ் முழுவதும் தின்று தீர்த்திருந்தன. டப்பா மூடியை நான் சரியாக அழுத்தவில்லை என்கிறான் ஜெயசீலன். பெட்டியில் அவ்வளவு துணி இருக்கும்போது பூச்சி பாப்பாவின் கவுனைத் தேடிப் பிடித்து ஏன் தின்ன வேண்டும் என்று கேட்டால், தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கமலேஸ்வரி அக்கா விஷயம் இதைவிட மோசம். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொல்கிறார்: "தம்பி, நான் சொன்னாக் கோவிக்கக் கூடாது. நீங்கள் வண்டி கழுவப் போற நேரமெல்லாம் அது நல்ல வடிவாப் பச்சையா நிக்குது. உங்களைக் கண்டாப் பிறகுதான் கறுக்குது." எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாத நேரத்தில் இவர் ஏன் என் ரூமுக்குள் எட்டிப் பார்க்கிறார்? குட்டிக்கு என்னத்தையோ கொடுத்துத் தன் பக்கம் இழுத்து, மேடம் வந்ததும் நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லித் தன் லீவை முதலில் வாங்கத் திட்டம் போடுகிறார் என்று தெரிந்துகொண்டேன். அவர் முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். நான் டிரைவர் அல்லவா, பின்னால் வருகிறவனைத் திரும்பாமலே பார்ப்பதுதான் என் தொழில். ஷெட்டில் பழைய வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட பெரிய சைடு கண்ணாடி கிடந்தது. அதைக் கொண்டுவந்து கூண்டுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், கம்பி வைத்துக் கட்டினேன். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தாலும் கூண்டுப் பக்கம் யார் வந்தாலும் தெரியும். அதோடு, வீட்டு வாசலில் கண்ணாடி மாட்டினால் கண்ணேறு வந்த வழியே திரும்பிவிடும் என்று நாம் மாட்டுவது உங்களுக்குத் தெரியும். காவலுக்கும் ஆயிற்று, திருஷ்டிக்கும் ஆயிற்று. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டதில் கமலேஸ்வரி அக்கா ஒரு மணி நேரம் இருமினார், அதையும் குறித்துக்கொண்டேன்.

கண்ணாடி கட்டிய பிறகு குட்டி கரிக்கட்டை ஆகிவிட்டது. உடம்பை உப்பிக்கொண்டு, வாயைப் பிளந்து, எதிரே யாருமே இல்லாமல் உஸ் உஸ் என்று சீறியது, ஆடியது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள், அது தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். போட்டோவில் பார்த்த பாப்பா முகம் கண் முன்னால் வந்து நின்றது. கூண்டை அப்படியே தூக்கி வண்டியில் வைத்து, சாட்சிக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா லாகூர்க்காரர். உருதுவில் பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் காட்டி இது எதற்கு என்றார். நான் பெருமையாக விளக்கினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் சொன்னார், கண்ணாடிக்குள் இன்னொரு பச்சோந்தி தன் இடத்தைப் பிடிக்க வந்திருக்கிறது என்று நினைத்து இது நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கிறதாம், தின்னவும் இல்லை, தூங்கவும் இல்லை. "நீ எவ்வளவு நேரம் இதைப் பார்ப்பாய்?" என்று கேட்டார். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் என்றேன். நேருக்கு நேராகவா? நேருக்கு நேராகத்தான். "இத்தனை சிறிய உயிரை ரெண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பது இதைத் தின்ன வருகிற ஜந்துதான்" என்றார். கூண்டை உயரத்தில் மூலையில் வை, இலை தழையால் மறை, கையில் பூச்சியை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார், வேறு எங்கேயாவது பார். "நீ அதைப் பார்க்காதே. அது உன்னைப் பார்க்கட்டும்." இவ்வளவுதான் வைத்தியம். மருந்து எழுதித் தராத டாக்டரை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் வேறு வழியில்லாமல் செய்தேன். ஜெயசீலன் செம்பருத்திக் கிளை வெட்டிக் கொடுத்தான், கழுவித்தான் உள்ளே வைத்தேன். கூண்டுக் கதவைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கை மரத்துப்போகும். நாள் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் விரலை ஏதோ குளிர்ச்சியாகப் பற்றியது. குழந்தை விரலைப் பிடிப்பதுபோல் இருந்தது மச்சான். திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூச்சியைத் தின்றுவிட்டு அது போன பிறகுதான் பார்த்தேன். பச்சையாக இருந்தது. நான் இருக்கும்போதே பச்சையாக இருந்தது.

ஆக குட்டி தேறிவிட்டது, லீவு கிடைத்த மாதிரிதான். ஆகவே இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவேன். வேன் பிடித்து எல்லாரும் வர வேண்டும். நான் வெளியே கால் வைத்ததும் முதல் வேலையாகப் பாப்பாவை என் கையில் கொடுக்க வேண்டும். எல்லாரும் சுற்றி நின்று, அப்பா பாரு, அப்பா பாரு என்று சொல்ல வேண்டும். அவள் அப்பா என்று கூப்பிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்றைக்கே பழக்க ஆரம்பியுங்கள், என் கல்யாண போட்டோவைக் காட்டி இது யார் என்று தினமும் கேளுங்கள். இன்னொன்று, வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அவள் உங்களை அப்பா என்று கூப்பிடுவதாக ஒரு தகவல். மீசை வைத்த எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள், பால்காரரைக் கூட என்கிறாள் ராதிகா. பால்காரரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். உங்களை ஒன்று கேட்கிறேன், அப்படிக் கூப்பிட்டபோது நீங்கள் திருத்தினீர்களா? அவள் என்னைக் கண்டு அழுதால், அங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், ராதிகாவுக்கு நான் தனியாக எழுதுவேன் என்பதையும் சொல்லவும். இருக்கன்குடித் தாய் எல்லாரையும் காக்கட்டும், என்னைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்து என்னையும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மரியாதை உள்ள
முனியசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அர்பாப் குடும்பம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. ஷம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் ரூமுக்கு ஓடிவந்து, கூண்டில் முகத்தை ஒட்டி வைத்துக் கத்திக் கூப்பிட்டாள். குட்டி கறுத்து இலைக்குப் பின்னால் போய்விட்டது. மேடம் என்னை முறைத்தார். லீவு மாஃபி என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். லண்டனில் இருந்த நாளெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தாளாம். "முனி, இதுக்கு என்னைத் தெரியலை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்போது எனக்கு லீவு ஞாபகமே இல்லை மச்சான். அவளைக் கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு பூச்சியைக் கொடுத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு நேரம் கழித்துத்தான் குட்டி வந்தது, ஆனால் வந்தது. பாஸ்போர்ட் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். வேன் நிறையக் கூட்டம் வேண்டாம். போட்டோவைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டாம். பாப்பாவை என் கையில் திணிக்க வேண்டாம், அப்பாட்டப் போ என்று ஒருவரும் தள்ள வேண்டாம். வழி நெடுக அவள் உங்கள் மடியிலேயே வரட்டும், நான் முன் சீட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். காது குத்தும்போது அழுதாலும் தாய்மாமன் கழுத்தையே கட்டிக்கொள்ளட்டும். அவள் உங்களை எப்படிக் கூப்பிட்டாலும் இப்போதைக்குத் திருத்த வேண்டாம். எனக்கு இரண்டு மாதம் லீவு. அதற்குள் அவளாகத் தோன்றி ஒரு தடவை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். வராவிட்டாலும் நான் யாரையும் சந்தேகப்பட மாட்டேன்.