பேட்டரிக்குள் புகுந்த பேய்

நான்கு மாதம் கொட்டகையில் தூங்கிய டிராக்டர்களில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் 'டிக்' என்றது, அதோடு சரி. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடி, பேய் உதிர்த்த சாம்பலாம். பாதி டேங்கோடு நிறுத்திய வண்டியின் டீசலில் சேர்ந்த தண்ணீர், அந்தப் பேயின் கண்ணீராம். கண்டுபிடித்துச் சொன்னவர் டிராக்டர் சாமியார். ஊரே பேட்டரியைச் சுமந்துகொண்டு அவர் வாசலில் முட்டி மோதியது.

பேயோடு பேட்டரியையும் எரித்துவிட்டு, மூன்றாம் நாள் வானத்திலிருந்து வேறொன்று வரவழைத்துத் தருவார். பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார், பாவம். ஒரு மூட்டை விதை போதும்.

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டு 'ஏனக்கா' என்று பெயர் வாங்கியவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் இருந்ததே ஒரு மூட்டை விதைதான். அதையும் கொடுத்துவிட்டு எதை விதைப்பது, சாமியாரின் தாடியையா?

"ஏங்க, பேய்க்கு வேற இடமே கிடைக்கலையா? ஆசிட்டுக்குள்ள போயா உட்காரும்?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. மழை வர்றதுக்குள்ள உழுதாகணும்," என்றான் கணவன்.

வாய் சும்மா இருந்தது. கை இருக்கவில்லை. பேட்டரியைக் கொடுத்தனுப்பும் முன், கைப்பிடிக்குக் கீழே ஆணியால் எதையோ கீறினாள்.

மூன்றாம் நாள் கணவன் விதை மூட்டையைச் சுமக்க, கூடவே போனாள். முன்னால் நின்ற மாவு மில்காரரிடம் சாமியார் ஒரு பேட்டரியை நீட்டினார். "இப்பதான் வானத்துலேர்ந்து இறங்குச்சு. சூடுகூட ஆறலை பாரு."

"அண்ணே, கைப்பிடிக்குக் கீழே என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க," என்றாள், தன் ஆணிக் கீறலை அடையாளம் கண்டுகொண்ட ஏனக்கா.

மில்காரர் துடைத்துப் படித்தார். "இது ஏனக்கா வீட்டுது."

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது.

"எரிச்ச பேட்டரி வானத்துக்கு எப்படிப் போச்சு சாமி?" என்றபடி அவள் சாமியாருக்குப் பின்னாலிருந்த திரையை இழுத்தாள். ஏழெட்டு பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

"பேய்... கரண்ட்டுலதான் சாகும்," என்றார் சாமியார், பின்வாசலைப் பார்த்தபடி.

கணவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. "அப்ப நம்ம வண்டிக்கு என்னதான் ஆச்சு?"

"நாலு மாசம் வயரை மாட்டியே விட்டீங்க, சார்ஜ் இறங்கிடுச்சு." ஏனக்கா தன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "அடுத்த தடவை வண்டியை நிறுத்துறப்ப டேங்கை நிரப்பி வைங்க, காலி இடத்துல ஈரம் சேர்ந்து தண்ணியாகாது. பேட்டரி வயரைக் கழட்டி வைங்க. மூளையை மட்டும் கழட்டி வெச்சுடாதீங்க."