அலமாரி நடை

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அத்தைக்கு, உங்கள் மருமகன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டால் எழுத முடியாது என்பதால் ஒரு கையை மட்டும் எடுத்திருக்கிறேன், மன்னிக்கவும். இங்கே உங்கள் மகள் நலம். நான் நலமாகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்கு ஆகியிருக்கும் என்று நம்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பத்திரிகையை இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் விமர்சனத்தை நீங்கள் ஒரு வாரம்கூட விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை பயம். அத்தை, நான் வேண்டுமென்று எழுதவில்லை. இரண்டு பெயின்ட் கம்பெனிகள் ஒன்றன் மேல் ஒன்று ஒற்றர்களை ஏவி, அழுக்கே ஒட்டாத வெள்ளைப் பெயின்ட்டின் செய்முறையைத் திருடிக்கொள்கிற கதை. படம் முழுக்க எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள். ஒரு வார இதழ் ‘நம் திரையுலகுக்கு வயது வந்துவிட்டது’ என்று எழுதியது. இன்னொரு இதழ் ‘படம் முடிவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது’ என்று எழுதியது. நான் நடுவில் நின்று ஏதாவது எழுதியிருக்கலாம். ஆனால் செய்முறை முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் ரசாயன நிபுணராக வருவது யார்? உங்கள் மகன். பல வருஷமாக ‘கார் ரெடி சார்’ என்று சொல்பவராகவும், பெரிய டாக்டருக்குப் பின்னால் நிற்கும் சின்ன டாக்டராகவும் வந்துபோன என் மைத்துனருக்கு முதல்முதலாகக் கிடைத்த பெரிய வேடம். சொந்தக்காரர் என்று சலுகை காட்டிவிட்டதாக நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே என்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேனாவை அழுத்திவிட்டேன். ‘ரகசியத்தைச் சுமக்க வேண்டியவர் அலமாரியைச் சுமப்பவர் போல நடக்கிறார்’ என்று ஒரே ஒரு வரி. மற்றதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது, அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டது.

உங்கள் மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அன்று காலையிலிருந்து எனக்குப் பெயர் ‘விமர்சகர்’ என்று ஆகிவிட்டது. போனில் யாராவது கேட்டால் ‘விமர்சகர் குளிக்கிறார்’ என்பாள். காபி நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ‘எத்தனை நட்சத்திரம்?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மௌனத்தைவிடப் பெரிய தண்டனை உண்டு அத்தை, அது மரியாதை.

வீட்டில்தான் இப்படி என்றால், சனிக்கிழமை பல் வலி என்று டாக்டரிடம் போனேன். என் வாயில் கண்ணாடி ஒன்று, குழாய் ஒன்று, அவருடைய விரல் இரண்டு. அந்த நேரம் பார்த்து அவர் தன் உதவியாளரிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குடும்பத்தோடு பார்த்தாராம், பிரமாதமாம், எவனோ ஒருவன் பத்திரிகையில் கண்டபடி எழுதியிருக்கிறானாம், அவன் மட்டும் ஒரு நாள் இந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டுமாம். என்னைப் பார்த்து ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று வேறு கேட்டார். நான் ‘ஆ’ என்றேன். ஆமோதித்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் துளைபோட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் மகளே வந்து பேசினாள். பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டும் ஓசிக் காட்சியில், சாய்வு நாற்காலியில், பிஸ்கட் தின்றுகொண்டு பார்த்தால் எந்தப் படம்தான் பிடிக்கும், காசு கொடுத்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பாருங்கள் என்றாள். போனோம். எனக்கு ஒரு டிக்கெட், மூன்று வரிசைக்கு முன்னால் அவளுக்கு ஒரு டிக்கெட். அத்தை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிக்க வேண்டாத இடத்தில் சனங்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். வில்லன் செய்முறைக் காகிதத்தை வாயில் போட்டு மென்றபோது பின்னாலிருந்து ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எனக்குக்கூட, நான் எழுதியது சரிதான் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் உங்கள் மகன் வந்தபோதெல்லாம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கம்பெனிக்குத் துரோகம் செய்துவிட்டு அந்த நீள வராந்தாவில் அவர் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடக்கிறாரே, அப்போது என் பக்கத்து இருக்கை அம்மாள் ‘பாவம், கால் வரமாட்டேங்குது பாரு’ என்று தன் பாட்டுக்குச் சொன்னார். பிறகு மின்தூக்கிக்குள் அவரைக் கொன்றுபோடுகிறார்கள். மூன்று வரிசைக்கு முன்னால் உங்கள் மகள் விசும்பி அழுகிறாள். தம்பி அன்றைக்குக் காலையில்தான் போனில் பேசியிருந்தார், திடகாத்திரமாக இருக்கிறார், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழுகிறாள். பக்கத்திலிருந்த பெண் கைக்குட்டையை நீட்டி, தெரிந்தவரா என்று கேட்டிருக்கிறார்.

‘என் தம்பிங்க’ என்று இவள் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. விளக்குப் போட்டதும் யாரும் வாசலுக்குப் போகவில்லை, எல்லோரும் உங்கள் மகளிடம் வந்தார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரியே ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனுஷன்மா, அந்தக் கம்பெனிதான் அநியாயமாக் கொன்னுடுச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர், நடந்தது நடந்துபோச்சு, நீ உடம்பைப் பார்த்துக்கோ என்றார். உங்கள் மகள் எல்லோருக்கும் தலையாட்டினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், ‘நல்லாத்தான் பண்ணியிருக்கார்’ என்றேன்.

‘இதைப் பேப்பர்ல சொல்லுங்க’ என்றாள்.

அன்று சாயங்காலமே ஒரு பையோடு உங்கள் மகன் வந்து நின்றார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் என் எதிரே உட்கார்ந்து, ரொம்பத் தயங்கி, ‘அத்தான், அலமாரின்னு எழுதினீங்கல்ல, சரியாத்தான் எழுதினீங்க. அது ஷூ’ என்றார். எனக்குப் புரியவில்லை. உடுப்பு கொடுப்பவர்கள் கொடுத்த ஷூ காலுக்கு ரொம்பச் சின்னதாம். வேறு கேட்டால் ஆளையே மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, படம் முடிகிற வரைக்கும் அதையே போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். டைரக்டர் வேறு ‘அந்த வேதனை அப்படியே முகத்துல தெரியுது, அதை விட்டுடாதீங்க’ என்று பாராட்டியிருக்கிறார். விட்டால்தானே, அதுதான் குதிகாலைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறதே. காலுறையைக் கழற்றிக் காட்டினார். குதிகால் இரண்டிலும் இன்னும் தோல் கூடவில்லை அத்தை. இத்தனை வருஷம் விமர்சனம் எழுதி நான் கிழித்தது இதுதான். நடிப்பைப் பார்க்கத் தெரியாமல் ஒரு ஜோடி ஷூவுக்கு விமர்சனம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து தம்பியின் காலை அதில் முக்கி வைத்தாள். எனக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. ‘வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஷூ கடிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன?’ என்று திட்டிக்கொண்டே துடைத்துவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ‘சொல்லலாம்க்கா. அடுத்த படத்துல சொல்றேன்’ என்றார். அதைக் கேட்டதும் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பிறகு, மூன்று நாளில் முதல்முறையாக, என்னை ‘என்னங்க’ என்று கூப்பிட்டுத் துண்டை எடுத்து வரச் சொன்னாள். அந்தத் துண்டை நான் எவ்வளவு சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன் என்பதை உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுநாளே ஆசிரியரிடம் போய் ஒரு திருத்தம் போடச் சொன்னேன். என் ஆசிரியர் நல்லவர், ஆனால் சிரிக்கத் தெரியாதவர். ‘தேதி தப்பா இருந்தா திருத்தம் போடலாம், பேர் தப்பா இருந்தா போடலாம். ஷூ கடிச்சதுன்னு எந்தப் பத்திரிகையிலயாவது திருத்தம் வந்திருக்கா?’ என்று கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். படத்தில் வேறு யாருக்காவது பெல்ட் இறுக்கமாக இருந்ததா என்றும் விசாரித்துக்கொண்டு வரச் சொன்னார். அதோடு திரும்பிவிட்டேன்.

ஆகவே பத்திரிகையில் போட முடியாத திருத்தத்தை உங்களுக்குப் போடுகிறேன். படம் சுமார்தான், அதில் மாற்றமில்லை. கண்ணாடிக் கதவுகள் அதிகம்தான். ஆனால் உங்கள் மகன் அந்த வராந்தாவில் நடந்தது நடைதான். வலியை வெளியில் சொல்ல முடியாத ஒருவன் எப்படி நடப்பானோ அப்படியேதான் நடந்திருக்கிறார். காரணம் ஷூவாக இருந்தால் என்ன, மனசாட்சியாக இருந்தால் என்ன, பார்த்த சனத்துக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. இன்று வேறொரு படக் கம்பெனியில் வேடம் கேட்டுப் போயிருக்கிறார். எங்கள் இருவருக்கும் கால் அளவு ஒன்றே என்று இப்போதுதான் தெரிந்தது. என்னுடைய கறுப்பு ஷூவைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வாசலிலிருந்து தெருமுனை வரை நின்று பார்த்தேன். லகுவாகத்தான் நடந்தார்.

என் மேல் வருத்தம் இருந்தால் ஒரு வரி திட்டி எழுதுங்கள், தலைவணங்கி வாங்கிக்கொள்வேன். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையில் போடப்போகிற நேரத்தில் உங்கள் மகள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உங்கள் ஊருக்கு எங்கள் பத்திரிகை வருவதே இல்லையாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள்தான் என் விமர்சனத்தைப் போனில் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாளாம், அங்கங்கே ‘கொஞ்சம் சரிபண்ணி’. ஒரு படத்தைக்கூடக் குறை சொல்லாத மனசு என் மாப்பிள்ளைக்கு என்று அக்கம்பக்கமெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். இந்த வாரம்தான் சரிபண்ண உயிர் போய்விட்டது என்கிறாள். ‘அவர் நடந்து வந்தால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது’ என்று நான் எழுதியதாக உங்களுக்கு வாசித்திருக்கிறாள். நல்ல வரி. எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தையும் தபாலில் போட வேண்டாம், தானே போனில் வாசித்துவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். நீங்கள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியாது அத்தை. எதுவானாலும் அதை நான் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.