பஞ்சாமிர்த லாட்டு

கைக்குழந்தைக்கு முதல் சோறு எப்போது கொடுக்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்பார்கள் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், ஐந்தாம் மாதம் நடக்கிற சமயத்தில் என் மனைவி ராஜாத்தியைத் தேடி வருவார்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறந்தால், "நீங்க சும்மா இருங்க சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே அடக்கிவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. முதலாளி போடிநாயக்கனூரில் இருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் மலையேறி வருவார். அந்த வருஷம்தான் ஸ்டோர் சாவியை என் கையில் கொடுத்திருந்தார். ஸ்டோர் என்றால் சாமான் போட்டு வைக்கும் இடமில்லை. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் ஓடும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகச் சல்லடைத் தட்டுகளில் காயைப் பரப்பி வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் காய் நல்ல பச்சை நிறத்தில் வெளியே வரும். இடையில் கதவைத் திறந்து விளையாடினால் வெளுத்துப்போகும்.

என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர் இருக்க, இருபத்தாறு வயதில் எனக்கு அந்தச் சாவி கிடைத்ததற்கு என் மூக்குதான் காரணம். கதவுக்கு வெளியே நின்றபடியே உள்ளே காய் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். (இதில் மிகை இல்லை. மிகை இனிமேல்தான் வரப்போகிறது.) சாவியைக் கொடுக்கும்போதே முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த வருஷத்து முதல் லாட்டு, அதாவது போடி ஏலத்துக்கு நாங்கள் அனுப்பும் முதல் சரக்கு, நல்ல பேர் வாங்கினால் சாவி என்னிடமே இருக்கும், இல்லாவிட்டால் மூத்தவர் ஒருவரிடம் போய்விடும். நான் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டத்து யானை மாதிரி தோட்டத்துக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் மாசியில்தான் எங்கள் மகள் கலாவதி பிறந்தாள். ஆவணி பிறந்தபோது அவளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடந்தது. சோறு எப்போது ஆரம்பிப்பது என்ற பேச்சும் ஆரம்பித்தது.

ராஜாத்தி மலையடிவாரத்துச் சிலமலைக்காரி. நாலாம் மாசமே கேப்பையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுத்திருக்கலாமே, ஏன் பிள்ளையைப் பட்டினி போடுகிறீர்கள் என்று அவள் பிறந்த வீட்டிலிருந்து, மேலே வருகிற ஒவ்வொரு ஜீப்பிலும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். போடி ஆஸ்பத்திரி நர்சம்மா, கழுத்து நின்று, பிடித்து உட்காரவைத்தால் உட்காருகிற வரைக்கும் பொறுங்கள் என்றார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஜீப் டிரைவரின் மனைவி அன்னம்மா சேச்சி, ஐந்து பிள்ளை பெற்றவர். "கொச்சுக்கு ஆறு மாசம் தெகையட்டும். ஏத்தக்காப் பொடி குறுக்கிக் கொடு. வேற ஒண்ணும் வேண்டா" என்றார். (நேந்திரங்காயைத்தான் அவர்கள் ஏத்தக்கா என்பார்கள். குறுக்குவது என்றால் கூழாகக் காய்ச்சுவது.)

இத்தனை பேர் சொன்னதையும் நான் ஒரு பெரிய மனிதரின் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டேன். பக்குவம் பார்ப்பது என் தொழில் அல்லவா? ஏலக்காயில் இளங்காயைப் பறிக்கக் கூடாது, பழுக்கவும் விடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கரிங்காய் என்று ஒரு பருவம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பறிக்க வேண்டும். குழந்தைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கும், அதை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்று உறுதியாக நம்பினேன். தினமும் காலையில் மகளை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஈறைத் தடவுவேன். உச்சந்தலையை மோந்து பார்ப்பேன். வேலைக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

ராஜாத்தி இதை ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இவ ஏலக்கா இல்லங்க, பிள்ளை. நான் சோத்தை வாயில வச்சா அவ வாயும் சேந்து அசையுது. தட்டைப் புடிச்சு இழுக்குறா. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை இழுப்பதெல்லாம் விளையாட்டு என்றேன். ஆறு மாதம் முடிந்து வருகிற முதல் வியாழக்கிழமை காலை, ஏத்தக்காப் பொடியோடு, என் கையால்தான் முதல் வாய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குக் கிளம்பினேன். ராஜாத்தி பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பொடி செய்வது பெரிய வேலையில்லை. காயைத் தோலுரித்து, மெல்லிசாக நறுக்கி, முறிகிற பதத்துக்கு வெயிலில் காயவைத்து இடித்துச் சலிக்க வேண்டும். ஆனால் ஆவணியில் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? பன்னிரண்டு நாளாக மழை விடவில்லை. சுளகில் பரப்பி வைத்த முதல் ஈடு மூன்றாம் நாள் பூசணம் பிடித்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெயிலையே ஓர் அறைக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவன் எதற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

முதல் லாட்டுக்கான காய் அன்றைக்குத்தான் ஸ்டோருக்குள் ஏறியது. நேந்திரத்தையும் அதோடு ஏற்றிவிட்டேன். சேச்சி சொன்னபடி பச்சைக் காயை வைத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். என் பெண்ணுக்கு வெறும் மாவுருசியா என்று நினைத்து, நன்றாகப் பழுத்து இனிப்பேறிய பழமாகப் பார்த்து நறுக்கினேன். சூடு மேலே ஏறும், அங்கே சீக்கிரம் காயும் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த தட்டில் பரப்பினேன். பழம் சூட்டில் இளகினால் சாறு கீழே சொட்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கீழே எட்டுத் தட்டு ஏலக்காய் இருந்தது.

அதோடும் நிற்கவில்லை. பழம் காய்ந்துவிட்டதா என்று அரைமணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். தகப்பன் மனசு அப்படி. ஒவ்வொரு தடவையும் ஏலக்காயின் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பேர்பெற்ற என் மூக்கோ, அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்ததில், எது ஏலம் எது பழம் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தது.

மறுநாள் தட்டுகளை இறக்கியபோது காய் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. சில இடங்களில் நாலைந்து காய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலத்துக் காய் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அழுத்தித் தேய்த்துப் பிரித்து, மூடை கட்டி, ஜீப்பில் ஏற்றிவிட்டேன். என் கவனமெல்லாம் பழத்தின் மேல். அது பொடியாகிற ஜாதியாக வரவில்லை, தோல்செருப்பு மாதிரி வந்திருந்தது. பிய்த்து வெந்நீரில் ஊறவைத்து மசித்தேன்.

வியாழக்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, மகளை மடியில் வைத்து முதல் வாயை ஊட்டினேன். முதல் சோற்றைக் குழந்தைகள் துப்பும், முகம் சுளிக்கும், நாக்கால் தள்ளும் என்று சேச்சி சொல்லியிருந்தார். கலாவதி அப்படி ஒன்றும் செய்யவில்லை. கரண்டி வருவதற்கு முன்பே வாயைத் திறந்தாள். வாங்கினாள், மென்றாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்கு என் கையைப் பிடித்து இழுத்தாள். பந்தியில் பழகியவர்கள்கூட அவ்வளவு சுருக்காகச் சாப்பிட மாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் என் பக்குவம் பார்த்த திறமை, நான் மசித்த பழத்தின் ருசி என்று அன்றைக்குத் தோட்டத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை. ராஜாத்தி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு லேசாகக் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் ஜீப் வந்தது. வழக்கமாக ஸ்டோர் பக்கம் போகிறவர் அன்றைக்கு நேராக எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே, போடி ஏலக் கூடத்தில் மாதிரிக்குக் காட்டிய எங்கள் காய். பொறுமையான மனிதர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அன்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"தம்பி, தட்டு எல்லார் கைக்கும் போச்சு. எல்லாரும் மோந்து பாத்தாக. கடைசியில ஒருத்தரு, பஞ்சாமிர்தம் எப்பக் குடுப்பீகன்னு கேட்டாரு. இருவது வருசமா அந்தக் கூடத்துல உக்காந்திருக்கேன். என்னையப் பாத்து ஒருத்தரும் சிரிச்சதில்ல. என்ன செஞ்ச?"

இடுப்பில் சாவி கனத்தது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பறிக்கிற பெண்கள் பதம் பார்க்காமல் பழுத்த காயையும் சேர்த்துப் பறித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றேன். மழையில் அட்டைக்கடியோடு பறித்துக் கொண்டுவந்தவர்கள் மேல் பழியைப் போட்டேன்.

உள்ளேயிருந்து ராஜாத்தி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம். குழந்தையின் கன்னம், மூக்கு, காது வரைக்கும் மசித்த பழம். அவள் முதலாளியிடம் நேராகப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அந்தப் பொம்பளைகளை ஒண்ணும் கேக்காதீகய்யா. பிள்ளைக்குன்னு இவுகதான் ஸ்டோருக்குள்ள பழத்தைக் காயப் போட்டாக."

முதலாளி கிண்ணத்தை வாங்கி மோந்தார். பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தை மோந்தார். மூன்றும் ஒரே வாசம். கலாவதி அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதுதான் பிள்ளைக்கு முதல் சோறா என்று ராஜாத்தியைக் கேட்டார்.

"இல்லீங்கய்யா. அவ பத்து நாளாக் கொழஞ்ச சோறு திங்குறா. இவுக நாள் பாத்துக்கிட்டு இருந்தாக, நான் பிள்ளையப் பாத்தேன்."

லாட்டு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் மடியில் உட்கார்ந்து அத்தனை அழகாக வாய் திறந்தவள் பத்து நாள் அனுபவசாலி என்பதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைத் தவிர அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அன்னம்மா சேச்சி உட்பட.

சாவி மூத்தவர் ஒருவர் கைக்குப் போனது. நான் தலையில் கொங்காணிச் சாக்கு போட்டுக்கொண்டு பறிக்கிற பெண்களோடு மழைக்குள் போனேன். முதல் நாளே அவர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்கள். ஆனால் சீசன் முடிகிற வரைக்கும், பழுத்த காய் ஒன்று கையில் கிடைத்தால் பத்திரமாகக் கொண்டுவந்து, "பாப்பாவுக்கு வச்சுக்கங்கண்ணே" என்று கொடுத்தார்கள்.

மறுவருஷம் சாவி திரும்பி வந்தது. என் கைக்கு வரவில்லை. முதலாளி அதை ராஜாத்தியிடம் கொடுத்து, தினம் காலையில் நான் கேட்டால் கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவள் என் வேட்டி மடிப்பில் பழம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அப்புறம் பதினெட்டு வருஷம் அந்த ஸ்டோரிலிருந்து ஒரு லாட்டுகூட வெளுத்துப் போனதில்லை. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் அவளுடையது என்று நான் எங்கேயும் சொல்வேன்.

கலாவதி தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளும் மருமகனும் மலையில் கொஞ்சம் இடம் வாங்கி ஏலம் போட்டார்கள். சொந்தமாக ஸ்டோரும் கட்டினாள். அவளுக்கு மகன் பிறந்து ஆறாவது மாதம் நடக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். தொண்டையைச் செருமித் தயாரானேன். "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றாள்.

அவள் முதல் லாட்டு போடியில் ஏலத்துக்கு வந்த அன்று நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மாதிரித் தட்டு கைமாறிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு பச்சையை என் ஸ்டோரில்கூட நான் பார்த்ததில்லை. வயதான வியாபாரி ஒருவர் காயை எடுத்து மோந்து பார்த்துத் தலையாட்டினார். முன்வரிசையில் இருந்த கலாவதி யார் மகள் என்று, பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் சொன்னார். பெரியவர் தட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு தரம் மோந்து பார்த்தார்.

"ஏத்தா, பஞ்சாமிர்த லாட்டுப் பிள்ளையா நீ? பழ வாசத்தையே காணோமே?"

"அதை நான் அப்பவே தின்னு முடிச்சுட்டேங்கய்யா."

கூடமே சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பஞ்சாமிர்தத்தைச் செய்தவன் நான்தான் என்று என் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.