மெயில் ஓடினார், கூடவே கமலாவும்

காஞ்சிபுரத்தில் காரணமே இல்லாமல் ஓடிய முதல் மனிதர் மெயில்தான். அவருக்கு முன்னால் அந்த ஊரில் ஓடியவர்கள் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கவோ, திருடனைப் பிடிக்கவோ, நாயிடமிருந்து தப்பிக்கவோதான் ஓடினார்கள்.

அறுபதுகளின் கடைசியில், குமாஸ்தா வேலையில் மாற்றலாகி வந்து பிள்ளையார்பாளையத்தில் குடியேறினேன். எதிர்வீட்டுப் பட்டு நெசவாளியின் சொந்தப் பெயர் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை எனக்குத் தெரியாது. மெயில் ரயில் மாதிரி ஓடுவதால் தெருவுக்கே அவர் மெயில். விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செவிலிமேடு வரை ஓடி, பாலாற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவருவார்.

ஆரம்பத்தில், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நாலு பேர் அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். ஆற்று மணலில் விழுந்து கிடந்தார்களாம், செத்தது யார் என்று கேட்கக்கூட மூச்சு இல்லாமல். கையில் ஒரு சொம்பு வைத்துக்கொள், பால் வாங்கப் போகிறாய் என்று நினைப்பார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். மெயில் சொம்போடு ஓடினார். பாலுக்கு இத்தனை அவசரமா, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சாயங்காலம் ஏழெட்டுப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்கள்.

ஏன்தான் ஓடுகிறார்? அது தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பகல் பூரா காலு ரெண்டும் தறிக்குழியில கெடக்குது சார். காலைலயாவது அதுங்களுக்கு ஊரைக் காட்ட வேணாமா?" என்றார்.

தரையில் குழி தோண்டி, அதில் காலை இறக்கி மிதித்துத்தான் அங்கே நெய்வார்கள். அன்றைக்கு ஆபீஸ் மேஜைக்கு அடியில் கிடந்த என் கால்களை முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். பாவமாக இருந்தது.

அவர் மகள் கமலாவுக்கு ஐந்து வயது. நானும் வருவேன் என்று ஒரு காலை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதல் நாள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை ஓடி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெயிலும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுந்தபோதுதான் எழுந்தார். மறுநாள் இன்னும் பத்து வீடு. ஒரு மாதத்தில் மெயில் முழுசாகக் கூட்ஸ் வண்டியாகிவிட்டார். அந்த நெட்டைக் கால்களை வைத்துக்கொண்டு அவ்வளவு மெதுவாக ஓட எவ்வளவு பாடுபட்டிருப்பார்!

அவருடைய விதி ஒன்றே ஒன்று. குழந்தை பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்; உடனே குறைத்துவிடுவார். கமலா பேச்சென்றால் கேள்விதான். பதில் தெரியாத கேள்வியெல்லாம் ஏழு மணிக்கு என் கதவைத் தட்டும். எறும்பு நடக்கிறதா, ஓடுகிறதா? கழுதைக்கு முட்டி எந்தப் பக்கம் மடியும்? நான் பி.ஏ. படித்தவன். ஆனாலும் கழுதையைத் தேடிக் கண்டுபிடித்து, அது நடக்கும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

இதெல்லாம் கமலாவின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் பெண் குழந்தை வீட்டில் உட்கார்ந்து தறியில் ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றித் தரவேண்டாமா என்பது அவர் கட்சி. பள்ளிக்கூட விளையாட்டு விழா வந்தபோது தீர்ப்பையே சொல்லிவிட்டார்.

"பந்தயத்துல ஜெயிச்சா ஓடட்டும். இல்லாங்காட்டி மறுநாள்லேர்ந்து நூல் சுத்தட்டும்."

மெயிலின் முகம் தொங்கிப்போனது. அவள் இல்லாமல் இனிமேல் தனக்குக் கால் வராது என்று என்னிடம் வந்து சொன்னார்.

முடிவுக் கோட்டில் கட்டும் நூலின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மறுமுனையில் டிரில் மாஸ்டர். விசில் ஊதியதும் கமலா பாய்ந்தாள். ஓடுபாதையின் ஓரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே மெயிலும் கூடவே ஓடினார். பாதி தூரத்திலேயே அவள்தான் முதல். நான் நூலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வந்தாள், வந்தாள், நூலுக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, தலைகூடப் படாமல் நூலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தாள். அதற்குள் பின்னால் வந்த மளிகைக் கடைக்காரர் பெண் நெஞ்சால் நூலை அறுத்துவிட்டுப் போய்விட்டது.

அந்தத் தெருக்களில் காலை வேளையில் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். ஓர் இழை அறுந்தாலும் அதைத் தேடிப் பிணைக்க வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கு நூல் என்றால் நிற்கவேண்டும், குனியவேண்டும்.

நூலை அறுத்தவருக்கே பரிசு டம்ளர் என்றார் டிரில் மாஸ்டர். மெயில் குனிந்தார். அறுந்த இரண்டு முனைகளையும் வாங்கி, கண்ணுக்குத் தெரியாத முடிச்சாகப் போட்டு, அடுத்த பந்தயத்துக்கு வேண்டுமே என்று என் கையில் கொடுத்தார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலாவின் அம்மா வந்தார்.

"இன்னா சார் நாயம் இது? அறுத்தவளுக்கு டம்ளரு, அறுக்காதவளுக்கு ஒண்ணுமில்லியா? எம் பொண்ணுதாம்பா மொதல்ல வந்தா."

டிரில் மாஸ்டர் அசையவில்லை. எவர்சில்வர் டம்ளர் மளிகைக் கடைக்குத்தான் போனது. மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விடியுமுன்பே எழுந்து என் வாசலில் நின்றுகொண்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மெயில் மட்டும் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். பின்னாலிருந்து சம்சாரத்தின் குரல் வந்தது.

"இருங்க. கொயந்த வந்துக்கினு இருக்குது, வுட்டுட்டு எங்க போறீங்க?"

வாசலில் கமலாவை நிறுத்தி, பாவாடையை இழுத்துச் செருகி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். தெருமுனை திரும்பும்வரை அவரும் நின்று பார்த்தார், நானும் பார்த்தேன். என் சொந்தக் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை. அவர்களை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.